கண் முகாம் பிளாப்பிகள்

கம்ப்யூட்டர் தொழில் என்று சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஓர் இயந்திரம் எழுதியதை இன்னோர் இயந்திரத்துக்குப் படித்துச் சொல்வதுதான் அதில் பாதி வேலை என்று சொன்னால் கொட்டாவி விடுவார். என்னோடு சேர்ந்து இந்தத் தொழிலில் அவதிப்பட்டவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலை தேரடித் தெருவில், ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது எங்கள் சென்டர். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், தனபால் என்கிற முதலாளி, நான். சீட்டுக் கம்பெனிக்கும் அரிசி ஆலைக்கும் பட்டியல் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, கீழ்பென்னாத்தூரில் நடந்த இலவசக் கண் முகாம்களின் வேலை வந்து சேர்ந்தது.

வேலை இதுதான். முகாமில் டாக்டர் ஒவ்வொருவர் கண்ணிலும் அழுத்தம் பார்த்துச் சீட்டில் எழுதுவார். செல்வி என்ற பெண் அதை அங்கேயே ஒரு பழைய இயந்திரத்தில் அடித்து பிளாப்பி என்ற சதுரத் தகட்டில் ஏற்றுவாள். பிளாப்பி பஸ்ஸில் எங்களிடம் வரும். மெட்ராஸிலிருந்து வாங்கிய ஒரு புரோகிராம் அதைப் படித்து, அழுத்தம் அதிகமாக உள்ளவர்களுக்கு மட்டும் 'பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவும்' என்று அஞ்சலட்டை அடிக்கும். கண்ணில் அழுத்தம் ஏறினால் வலிக்காது. பார்வை ஓரத்திலிருந்து மெல்லப் போகும், போனது திரும்பாது. அட்டை போய்ச் சேர்ந்தால் மிச்சமிருக்கும் பார்வையாவது தங்கும். அட்டைக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவர் எங்கள் மாடிப்படிக்குக் கீழேயே தைத்துக்கொண்டிருந்தார். கரீம் பாய். மனைவியின் ஊர் கீழ்பென்னாத்தூர் என்பதால் அங்கே முகாமுக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தவர்.

லாரி டயர்

முதல் பிளாப்பியைப் படித்தபோதே தெரிந்துவிட்டது, இது நல்ல சகுனமில்லை என்று. பழைய இயந்திரம் ஓர் எண்ணை இரண்டு துண்டாக எழுதும், பெரிய துண்டு முன்னால், சின்னத் துண்டு பின்னால். எங்கள் இயந்திரத்துக்கு சின்னது முன்னால் வரவேண்டும். ஒரு வீட்டுக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் பந்தி போட்ட மாதிரி எல்லாம் தலைகீழ். பதினைந்து என்று டாக்டர் எழுதியிருந்த அழுத்தம் திரையில் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது என்று வந்தது.

நான் கண்டுபிடிப்பதற்குள் முதலாளி அந்தப் பட்டியலை அச்சடித்து, முகாம் செயலாளர் கோதண்டத்திடம் நீட்டிவிட்டார். கோதண்டம் கீழ்பென்னாத்தூரில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தவர். மூட்டை எடை பார்த்துப் பழகிய கண். பட்டியலைத் தூக்கிப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மூவாயிரத்து எண்ணூறு அழுத்தமா? இது மனுசன் கண்ணா சார், இல்ல லாரி டயரா?"

தள்ளி நின்ற வரிசை

துண்டுகளை மாற்றிப் போட்டுச் சரிசெய்தேன். அடுத்த பிளாப்பியில் வேறு வம்பு. பிளாப்பியில் ஆளுக்கு ஆள் நடுவில் கோடு கிடையாது. எல்லாம் ஒரே சரம். ஓர் ஆளுக்கு இத்தனை எழுத்து என்று நாமே எண்ணி எண்ணி வெட்டிக்கொள்ள வேண்டும். பழைய இயந்திரம் இந்த முறை ஒவ்வொரு ஆளின் முடிவிலும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வெற்றெழுத்தைச் சேர்த்திருந்தது. புரோகிராமுக்கு அது தெரியாது. முதல் ஆள் சரியாக வந்தார். இரண்டாமவர் ஓர் எழுத்து தள்ளி வந்தார். போகப் போக கோவிந்தன் பெயரின் வால் குப்பம்மாளின் தலையில் ஏறி, அவளுடைய வயது அவளுடைய ஊராகி, ஊர் அழுத்தமாகிவிட்டது.

அன்று கோதண்டத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அவரை உட்காரவைத்து, ஓர் எழுத்துதான் அதிகம், அதனால்தான் இவ்வளவும் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் பொறுமையாகவே கேட்டார்: "வரிசையில ஒருத்தன் ஒரு அடி தள்ளி நின்னுட்டான்னு, பின்னாடி நிக்கறவன் அத்தினி பேரையும் அடுத்தவன் ஊட்டுக்கா அனுப்புவீங்க?"

செல்வி அடித்தது

இது என் வேலையில் நடந்ததில்லை, ஆனால் பழி என் மேல்தான் வந்தது. ஒரு பிளாப்பியில் கடைசிச் சிலரைக் காணவில்லை. சீட்டு இருக்கிறது, செல்வி அடித்தேன் என்கிறாள், பிளாப்பியில் ஆள் இல்லை. விசாரித்தால், அடித்து முடித்துக் கை துடைப்பதற்குள் கரண்ட் போயிருக்கிறது. அந்த இயந்திரம் அடித்ததை உடனே பிளாப்பியில் எழுதாது. கொஞ்சம் சேரட்டும் என்று தன் நினைவில் வைத்துக்கொண்டு, நிரம்பியதும் மொத்தமாக எழுதும். கரண்ட் போனால் கையில் வைத்திருந்தது அத்தனையும் காற்றோடு போகும்.

நான் பஸ் பிடித்துப் போய் அவளுக்கு இதைச் சொன்னேன். திட்டு வாங்கப் போகிறோம் என்று பயந்திருந்த பெண், தன் தப்பில்லை என்று தெரிந்ததும் ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு விட்டுப்போனவர்களை மறுபடி அடித்தாள். அடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க அண்ணனும் இப்படித்தான் சார், எதைக் குடுத்தாலும் அப்புறம் சேக்கறேன்னு கையிலயே வச்சிக்கும், அதையும் நம்பி எல்லாரும் குடுக்கறாங்க."

ஊருக்கே நல்ல கண்

அதற்கப்புறம் வந்த முகாமின் பிளாப்பியை மட்டும் புரோகிராம் ஒழுங்காகப் படித்தது. எண்கள் சரி, பெயர்கள் சரி, எங்கும் முறைக்கவில்லை. புரோகிராம் கடைசியில் 'முடிந்தது, பிழை இல்லை' என்று எழுதிவிட்டு நின்றது. அட்டைகள் கொஞ்சமாகத்தான் விழுந்தன. முந்தைய முகாம்களில் கட்டுக் கட்டாக வந்ததற்கு இது கைக்குள் அடங்கியது. எனக்கும் சந்தேகம் வரவில்லை. வேலை சுலபமாக முடிந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

கோதண்டத்துக்குச் சந்தோஷம். அட்டைகளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மாடிப்படியில் இறங்கும்போது உரக்கவே சொல்லிக்கொண்டு போனார்: "பரவால்ல, நம்ம ஜனங்களுக்கு கண்ணு ஜோராத்தான் இருக்குது, டாக்டருங்கதான் ஜாஸ்தியா பயமுறுத்தறாங்க."

ஊசியில் நூல்

கரீம் பாய் அந்த முகாமுக்குத்தான் போயிருந்தார். நான் படியேறும்போதெல்லாம் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "அட்டை வந்துச்சா சார்?" என்று கேட்பார். டாக்டர் வாயால் எதுவும் சொல்லவில்லையாம். அட்டை வரும், வந்தால் உடனே புறப்பட்டு வா என்று மட்டும் சொல்லியிருந்தாராம். பட்டியலில் அவர் பெயர் இல்லை. இல்லை பாய் என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த மாதமும் கேட்டார்.

அவருடைய கண்ணில் கோளாறு என்று பார்த்தவர் யாரும் நம்பமாட்டார்கள். விளக்கில்லாமல் ஊசியில் நூல் கோத்துவிடுவார். நேர் எதிரே இருப்பது அவருக்குக் கூர்மையாகத் தெரியும். பக்கத்தில் இருப்பதுதான் தெரியாது. வலப்பக்கம் வந்து நிற்கும் வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு இடப்பக்கம் பார்த்துப் பேசுவார். பாய்க்கு கர்வம் வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் அவர் மாடிக்கே ஏறி வந்து முதலாளியிடம் கேட்டார். முதலாளி பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில் நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னார்: "லிஸ்ட்ல பேரு இல்லைன்னா கண்ணு நல்லாருக்குதுன்னு அர்த்தம் பாய், போயி நிம்மதியா தைங்க."

இருபத்தாறு

மழைக்காலம் முடியும் சமயம், மாடிப்படி அடியில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து வெளியே வந்த கரீம் பாய் என் மேல் வந்து மோதினார். நான் அவருக்கு வலப்பக்கம் ஒரு முழத்தில்தான் நின்றிருந்தேன். கீழே விழப்போனவரைப் பிடித்து நிறுத்தினேன். "மன்னிச்சுக்குங்க சார், நீங்க இருந்ததே தெரியல" என்றார். கண் நல்லாருக்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது? மேலே போய் அந்த முகாமின் பிளாப்பியைத் தேடி எடுத்தேன்.

பிளாப்பியில் இருந்த கோப்பு பெரியது. புரோகிராம் படித்திருந்ததோ அதில் கால்வாசி. மிச்சத்தை அது தொடவே இல்லை. உட்கார்ந்து காரணத்தைத் தோண்டி எடுத்தேன். அந்தக் காலத்து வழக்கம் ஒன்று உண்டு: எழுத்துக் கோப்பு எங்கே முடிகிறது என்று காட்ட, கடைசியில் இருபத்தாறு என்ற எண்ணைப் போட்டு வைப்பார்கள். மெட்ராஸ் புரோகிராம் கண் முகாமின் கோப்பையும் கடுதாசி படிப்பதுபோலவே திறந்து படித்தது. நடுவில் ஓர் ஆளின் கண் அழுத்தம் இருபத்தாறு என்று வந்ததும், சரி, கோப்பு முடிந்தது என்று மூடிவிட்டது. அதற்கு முன் வந்த பிளாப்பிகளில் அந்த எண் எங்கும் வந்திருக்கவில்லை. அந்த ஆளும் பாதியில் அறுந்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் இல்லாமலே போனார்கள். அந்த ஆள் கரீம் பாய். ஆபத்தென்று டாக்டர் எழுதிய எண்ணேதான் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

அன்றைக்கே திருத்தி எல்லா அட்டைகளையும் அடித்தோம். பாயை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். முகாம் முடிந்த கையோடு வந்திருந்தால் வலது கண்ணில் மிச்சமிருந்ததைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்களாம். இனி சொட்டு மருந்து போட்டு இடது கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரைத் திட்டுவது? மெட்ராஸில் எழுதியவன் என்னைப் போல ஒருவன்தான், எங்கோ உட்கார்ந்து வேறு எதையோ படிக்க எழுதியிருப்பான். கடைக்குப் போய்ப் பாயின் இடப்பக்கம் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பாதியில் நின்ற ஒரு காலரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கடைசியில் சொன்னார்: "டாக்டரு பாத்து எழுதிட்டாரு, அந்தப் பொண்ணு பாத்து அடிச்சிடுச்சு, உங்க மிஷினும் அதைப் பாத்துட்டுத்தான் நின்னிருக்குது. எல்லாரும் பாத்துட்டீங்க சார், எனக்குத்தான் யாரும் சொல்லல."

எங்கள் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: படிக்க முடியாவிட்டால் இயந்திரம் கத்தும், நாமும் பதறி ஓடுவோம், எல்லாம் படித்தாகிவிட்டது என்று அதுவே நினைத்துக்கொண்டால் சத்தம் போடாது, நாமும் டீ குடிக்கப் போய்விடுவோம்.