வாடகைப் புலித்தோல்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆப்பிரிக்க வரலாறும் பண்பாடும் என்ற பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது என்பது எனக்குத் தெரியாது. வகுப்பில் மொத்தம் மூன்று பேர்தான் என்பதால் அந்த முதல் மதிப்பெண்ணையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2007இல் சிதம்பரத்தில் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்த விருப்பப் பாடத்தை நான் எடுத்ததற்கு ஆப்பிரிக்கா காரணமில்லை. காலை முதல் வகுப்பு அதற்குக் கிடையாது, அவ்வளவுதான். எடுத்த பிறகு பாடம் என்னைப் பிடித்துக்கொண்டது. கப்பலில் அடைத்துக் கொண்டுபோனவர்களைப் பற்றிப் படித்துவிட்டுச் சாப்பாடு இறங்காமல் எழுந்த நாளெல்லாம் உண்டு. ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

விடுதியில் எனக்கு அடுத்த அறையில் தான்சானியாக்காரன் ஒருவன் இருந்தான். மருந்தியல் மாணவன். மூன்று வருட மெஸ் சாப்பாட்டில் நல்ல தமிழ் பேசக் கற்றிருந்தான். என்னை ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுவான். விடுதியில் வேறு யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டான். தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போடாமல் அறையை விட்டு வெளியே வர மாட்டான். நான் மூன்று நாள் சட்டையோடு பக்கத்தில் நிற்பேன்.

ஒருமுறை அவனைக் கடலூருக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா வைத்த சங்கரா மீன் குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி. ராட்டினத்தைப் பார்க்க வந்த கூட்டம் அதை விட்டுவிட்டு அவனைப் பார்த்தது.

“மச்சான், உனக்கு டிக்கெட் போட்டிருந்தா ராட்டினத்தவிட ஜாஸ்தி வசூலாயிருக்கும்” என்றேன்.

சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அடுத்ததைச் செய்தேன்.

எங்கள் துறையில் கருத்தரங்கம் என்றால் ஒரு சிறப்பு விருந்தினர் வேண்டும். மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துவோம். அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை, பொன்னாடை தவறக் கூடாது. என் முறை வந்தபோது, ஆப்பிரிக்காவைப் பற்றிய கட்டுரைக்கு ஆப்பிரிக்காவிலிருந்தே விருந்தினர் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பள்ளி ஆண்டு விழாக்களுக்கு வேஷ உடை வாடகைக்கு விடும் கடலூர்க் கடைக்குப் போனேன்.

“ஆப்பிரிக்கா ட்ரெஸ் இருக்குங்களா?”

“காட்டுவாசி ட்ரெஸ் இருக்கு. அதான் அது. எத்தினியாவது படிக்கிற புள்ளைக்கு?”

“எம்.ஏ. ரெண்டாம் வருஷம்.”

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். புலிக்கோடு போட்ட வெல்வெட் துணி ஒன்று, அட்டை ஈட்டி ஒன்று. இரண்டையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

கருத்தரங்க நாள் காலையில் அவன் அறையில் பையைப் பிரித்தேன். அவன் துணியை விரித்துப் பார்த்தான்.

“என்ன மச்சான் இது?”

“உங்க ஊரு ட்ரெஸ்.”

“எங்கப்பா டை கட்டிக்கினு போஸ்ட் ஆபீஸ் போறாரு. எங்க ஊர்ல புலியும் கிடையாது.”

“யாருக்குத் தெரியப் போவுது, விடு மச்சான். இன்டர்னல் மார்க்.”

“உனக்கு மார்க்கு வருமா?” என்று கேட்டான். தலையாட்டினேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்கு மேலேயே புலித்தோலைக் குறுக்காகப் போட்டுக்கொண்டான். ஈட்டியை மட்டும் தொடவில்லை. அதை நானே தூக்கிப்போனேன்.

மேடையில் அவன் உட்கார்ந்ததும் அரங்கில் ஒரே சிரிப்பும் கைத்தட்டலும். புலித்தோலுக்கு மேல் பொன்னாடை போர்த்தினோம். நான் கட்டுரையைப் படிக்க ஆரம்பித்தேன். நாலாம் பக்கம் நானே எழுதி, நானே மெச்சிக்கொண்ட பக்கம். ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்க மனிதர்களைக் கூட்டிவந்து, தோலை உடுத்தி, ஈட்டியைக் கொடுத்து, பொருட்காட்சிகளில் நிறுத்தி வேடிக்கை காட்டினார்கள் என்று கம்பீரமாகப் படித்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பொருட்காட்சி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். நான்தான் கூட்டிப்போய்க் காட்டியிருந்தேன்.

அங்கேயே நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினேன். முடிந்ததும் போட்டோ எடுக்க வரிசை கட்டினார்கள். யாரோ என் கையிலிருந்த ஈட்டியை வாங்கி அவனிடம் கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டு நின்றான். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன்.

மறுநாள் காலை என் அறைக் கதவைத் தட்டிப் பையைக் கொடுத்தான். புலித்தோல் இஸ்திரி போட்டு, நாலாக மடித்து இருந்தது.

“புலி சாதுவாயிடுச்சு போலருக்கே மச்சான்” என்றேன். எனக்கு வாயில் வேறெதுவும் வராது. அவன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் மெஸ்ஸுக்குள் நுழையும்போது அவன் தட்டைக் கழுவிக்கொண்டிருப்பான். இப்படி ஒரு வாரம் போனது. மார்க் வந்தது, முழு மார்க். அந்தத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வழியெல்லாம் நாலைந்து ஜோக் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றையும் சொல்லவில்லை.

“நான் பண்ணது தப்பு மச்சான். தெரிஞ்சே பண்ணேன். மன்னிச்சிரு.”

சட்டைக் காலரைத் திருப்பிப்போட்டு அழுத்தினான். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

“பரவால்ல சார்.”