கோப்பின் நாலாவது பேர்

தாய்லாந்தில் ரொய் எட் ஊர்ச் சந்தையில் பதினோரு வருஷமாக எங்கள் கடைகள் அடுத்தடுத்து. நான் பப்பாளிக்காய் இடித்துக் கொடுக்கிறேன், அவள் கெளுத்தி மீன் சுட்டு விற்கிறாள். நான் ஊவன், அதாவது குண்டு. அவள் கோப், அதாவது தவளை. பிள்ளையைப் பேய் பிசாசு தூக்கிப் போகாமல் இருக்க இப்படி ஏதாவது கூப்பிட்டு வைப்பார்கள், சாகும்வரை அதுதான் நாம். அடையாள அட்டையில் இருக்கும் நீளப் பேர் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும். அவளுடையதை நான் கேட்டதே இல்லை.

கோப் பத்தொன்பது வயதில் ஒரு பெண்ணைப் பெற்றாள். வளர்க்க வழியில்லாமல் நாற்பதாம் நாள் யாரோ ஒரு தம்பதியிடம் கொடுத்துவிட்டாள். குழந்தை கையளவுதான் இருந்ததாம். அதனால் மொத், எறும்பு, என்று கூப்பிட்டிருக்கிறாள். பிறப்புச் சான்றிதழில் தாயின் பேரும் இந்தச் சந்தைத் தெருவும் இருந்தன. மொத் என்றைக்காவது அதை எடுத்துக்கொண்டு வருவாள் என்பதற்காகவே கோப் இந்தத் தெருவை விட்டு அசையவில்லை.

மகள் வராதது பேரின் தோஷம் என்று ஒரு பிக்கு சொல்ல, அட்டையில் இருக்கும் பேரை மாற்றினாள். அப்புறமும் வரவில்லை, மறுபடி மாற்றினாள்.

"பேரை மாத்தினா நேரம் நல்லாயிடுமாடி? உனக்குப் பைத்தியம்," என்று திட்டினேன்.

"உனக்கென்னக்கா, உன் மக கூப்பிடுற தூரத்துல இருக்கா."



போன மாதம் நாலாவது பேருக்காகத் தாலுகா ஆபீசுக்கு என்னையும் துணைக்கு இழுத்துப்போனாள். அங்கிருந்த குமாஸ்தா பழைய பேர்களை உரக்க வாசித்தார். "பிறந்தப்ப வச்ச பேர், புவாபான்."

அந்தப் பேரை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் மத்தியானக் கூட்டத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். உதட்டுச் சாயம், ஆபீஸ் செருப்பு, கையில் மடித்த காகிதம். "பெரியம்மா, புவாபான்னு ஒருத்தங்க இங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். எட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், நான் உலக்கையும் கையுமாக இருக்கிறேன். "அப்படி யாரும் இங்க இல்லம்மா," என்று அனுப்பிவிட்டேன். கோப் அன்றைக்குக் கடையில் இல்லை. புதுப் பேர் கேட்க பிக்குவிடம் போயிருந்தாள்.

தாலுகா ஆபீசிலிருந்து திரும்பி வரும்போது வண்டியில் அவள் முகமெல்லாம் சிரிப்பு. "தேடினது கிடைக்கும்னு அர்த்தமாம்க்கா இந்தப் பேருக்கு!"

என்னால் அடக்க முடியவில்லை. அந்தப் பெண் வந்து கேட்டதைச் சொல்லிவிட்டேன்.

"நீ என்ன சொன்ன?"

"அப்படி யாரும் இல்லன்னு."

கோப் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நிஜந்தானேக்கா. பதினஞ்சு வருஷமா அந்தப் பேர்ல யாரு இருந்தா?"

அவள் என் முடியைப் பிடித்து இழுத்திருந்தால் தேவலை.

"நம்பர் ஏதாவது குடுத்தாளா?"

"நான் கேக்கலடி."

"கூட யாராச்சும்?"

"ஒரு சிநேகிதி. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கூப்பிட்டா."

"என்ன சொல்லிக் கூப்பிட்டா? மொத்துன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "கேக்," என்றேன். "கேக், பஸ் போயிடும், வான்னு."

கோப் அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "கேக். பொறந்தநாளுக்கு வெட்டுற கேக். நல்லா வளத்திருக்காங்க." அப்புறம் சந்தை வரும்வரை அழுதாள்.

இல்லை என்று சொல்லி அனுப்பின இடத்துக்கு யார் இரண்டாம் தடவை வருவார்கள்? அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் மறுநாள் கடைப் பலகையில் பெரிய எழுத்தில் புவாபான் என்று எழுதி மாட்டினாள்.

மீன் வாங்க வருகிறவர்கள், "கோப், அது யாரு? கடைய வித்துட்டியா?" என்று கேலி செய்கிறார்கள்.

"நான்தான்," என்கிறாள்.

யாரும் நம்புவதில்லை. சிரித்துக்கொண்டே மீனை வாங்கிப் போகிறார்கள்.