இரண்டு சுற்று

வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடியே சாப்பிடுவார், அப்படியே தெருவில் நடப்பார். அதனால் படகுத்துறையில் எல்லோருக்கும் அவர் ‘கண்ணாடி’தான். கல்யாண போட்டோவிலும் அது இருந்திருக்கும், நான்தான் பிடுங்கி வைத்தேன் என்பாள் அவர் மனைவி. இருபத்தாறு வருஷத் தொழில். அவர் பற்றவைத்த இரும்பு விட்டுப்போனதாக யாரும் வந்து நின்றதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அக்கரைக்கு இரண்டு பயணிகள் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. போட்டிக்காரர் பெரிய படகாக ஒன்றை இறக்கியதிலிருந்து மற்றப் படகின் முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் படகின் தலையில் இன்னொரு தளம் கட்ட வேண்டும் என்று பட்டறைக்கு வந்து நின்றார்.

“மேல இவ்வளவு இரும்பு ஏத்தினா படகு ஆட்டம் காணும், முதலாளி. அடியில பாரம் போடணும்.”

“அப்புறம் போட்டுக்கலாம். லீவு ஆரம்பிக்கறதுக்குள்ள இந்தக் கடல்லயே பெரிய படகு நம்மளுதா இருக்கணும், அவ்வளவுதான்.”

தளம் ஏறியது. அதோடு விடவில்லை. கீழ்த்தளத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அவசரக் கதவுகள் இருந்தன. மழைத் தண்ணீர் கசிகிறது, வழிவிட்டு வைப்பதால் எட்டு இருக்கை வீணாகிறது, இரண்டையும் அடைத்துவிடு என்றார் முதலாளி.

அந்தப் படகில் இன்ஜின் டிரைவராக இருந்தவன் கண்ணாடியின் மச்சான், மனைவியின் ஒரே தம்பி. விஷயம் கேள்விப்பட்டு நேராகப் பட்டறைக்கு வந்தான்.

“மாமா, அதை அடைக்காதீங்க. நான் வாயத் திறந்தா நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவார். நீங்க முடியாதுன்னு சொல்லுங்க.”

“சொல்லிப் பாத்துட்டேன்டா. நான் செய்யலைன்னா அடுத்த பட்டறைக்காரன் செய்யப்போறான். அவன் செஞ்சா அரைகுறையா இருக்கும்.”

தானா அப்படிச் சொன்னோம் என்று பின்னாளில் அவரே நம்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அன்று அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு கதவுகளையும் விளிம்பு முழுக்கப் பற்றவைத்தார். ஒரு சுற்று போதும். மனசு கேட்காமல் மேலே இன்னொரு சுற்றும் ஓட்டினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. துறையில் நின்று முதலாளி போனில் கத்திக்கொண்டிருந்தார்: “முந்துடா! அவனை முந்து!” அவர் படகு முந்தியும் விட்டது. மேல்தளத்தில் இருந்தவர்கள், பின்தங்கிய படகைப் பார்த்துக் கூச்சல் போடவென்று ஒரே பக்கமாக ஓடினார்கள். அதே நேரத்தில் மிதவையைச் சுற்றிப் படகு திரும்பியது. சாய்ந்தது. நிமிரும் என்று பார்த்தார். நிமிரவில்லை. களைத்த மாடு படுப்பதுபோல், அவசரமே இல்லாமல், அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டது.

துறையிலிருந்து கூப்பிடு தூரம்தான். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காற்றுகூட இல்லை.

மேலே இருந்தவர்கள் தண்ணீரில் விழுந்தார்கள். பக்கத்துப் படகுகள் அள்ளி எடுத்தன. கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு வழி? கண்ணாடி கேஸ் கட்டரையும் சிலிண்டர்களையும் ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். ஆழம் குறைந்த இடம். கவிழ்ந்த படகின் ஒரு பக்கம் சேற்றில் புதைந்திருந்தது, மறுபக்கம் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதில் ஏறினார். காலடியில் அவர் அடைத்த கதவு. அதன் கீழிருந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“தள்ளிப் போங்க! நெருப்பு விழும்!”

“எங்கண்ணா தள்றது? தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சு!” ஒரு பெண்ணின் குரல்.

வெட்டினார். மேல் சுற்று உருகி விலகியதும் அடியில் இன்னொரு சுற்று. பொறி பட்டு உள்ளே அலறினார்கள். அலறினாலும் தட்டுவதை நிறுத்தவில்லை. பதினான்கு நிமிஷம் ஆனது. பத்தொன்பது பேரை மேலே இழுத்தார்கள். அந்தப் பெண்ணும் வந்தாள், தோளெல்லாம் தீக்காயத்தோடு. பின்பக்கம், இன்ஜின் அறை இருந்த இடத்திலும் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டரோடு அங்கே ஓடிச் சேர்வதற்குள் அது நின்றுவிட்டது.

மச்சானை மறுநாள்தான் எடுத்தார்கள். இறந்தவர்கள் மொத்தம் முப்பத்து நாலு பேர்.

“நீங்கதானே அடைச்சீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“ஆமா.”

அவள் அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விசாரணையில் முதலாளியின் வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டினார். படகைச் சோதித்த அதிகாரி கையெழுத்துப் போட்ட சான்றிதழ். ‘இரு அவசரக் கதவுகளும் திறந்து மூடிப் பார்க்கப்பட்டன, நல்ல நிலையில் உள்ளன.’ தேதியைப் பார்த்துக் கண்ணாடி திகைத்துப்போனார். தேதி சரிதானா என்று நான்கு தரம் படித்தார்.

“ஐயா, இதுக்கு மூணு நாள் முன்னாடியே நான் அடைச்சாச்சு. ரெண்டு சுத்து. இவர் எதைத் திறந்தார்?”

அதிகாரி படகுப் பக்கமே வரவில்லை என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. முதலாளிக்கு ஏழு வருஷம், அதிகாரிக்கு மூன்று, கண்ணாடிக்கு ஒன்று. மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

சிறையிலிருந்து வெளியே வந்த அன்று மனைவி எதிர்ப்புறப் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் வந்து பார்க்கவில்லை. பாதி நரைத்திருந்தாள்.

“எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆனா உங்க வாயால கேக்கணுமாம். தினமும் அதையேதான் சொல்றாங்க.”

“இன்னைக்கேவா?”

“இன்னைக்கே.”

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறினாள். அவர் பின்னாலேயே ஏறி, மாமியார் வீட்டு நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட் கேட்டார்.