தவிட்டை மட்டும் நான் சந்தேகப்படவில்லை

நரம்பு புடைத்த காலோடு இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் அல்ல. அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. வாலாஜாபாத் சாலையில் ஒரு அரிசி ஆலையின் களத்தில் எனக்கு வேலை. அவித்த நெல்லைப் பரப்பி, காயும்வரை காலாலேயே துழாவிக்கொண்டு நடக்க வேண்டும். உட்காரவே முடியாது. ஒருநாள் இடது கெண்டைக்காலில் பச்சையாக ஒன்று புழுப்போலப் புடைத்திருந்தது. பிறகு சாயங்காலமானால் கால் கல்லாகக் கனத்தது. கணுக்காலைச் சுற்றி அரித்தது.

சேரப்பணஞ்சேரியிலிருந்து என் நாத்தனார் பச்சிலை எண்ணெய் கொண்டுவந்தாள்.

"தடவு அண்ணி, தானா உள்ள பூடும்."

முகர்ந்து பார்த்தேன். வெறும் வேப்பெண்ணெய் வாசம். விளக்குக்கு ஊற்றிவிட்டேன். பூண்டு, வெந்தயம் என்று வந்தவர்களிடமும், "யாருக்குக் கொணமாச்சு, கூட்டிகினு வா பாக்கலாம்" என்றேன். யாரும் வரவில்லை.

ஒன்றை மட்டும் கேள்வி கேட்கவில்லை. எங்கள் ஆலையில் இடுப்பு வலியோ சுளுக்கோ, தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்போம். எங்கள் கண்ணெதிரே விழுகிற தவிடு, அதில் என்ன சூது இருந்துவிடும்? தினமும் புடைப்பின்மேலேயே வைத்தேன். அப்போதைக்கு இதமாக இருக்கும், மறுநாள் வீக்கம் கூடியிருக்கும். வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் களத்தில் கால் ஈரமானது. வியர்வை என்றுதான் நினைத்தேன். கூட நடந்த ராணி அலறினாள்.

"அக்கா, நெல்லெல்லாம் ரத்தமா கீது!"

வெந்து மெலிந்திருந்த தோல் வெடித்திருந்தது. காப்பித்தூளை அப்பினார்கள், நிற்கவில்லை. காலை எடுத்துவிடுவார்கள் என்று நடுங்கினேன். கால் போனால் எனக்குப் பிழைப்பு ஏது?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து, காலை உயரத் தூக்கி, துணியால் அழுத்திப் பிடித்தார். ரத்தம் நின்றது. இவ்வளவுதானா என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

"இது நரம்பு இல்லம்மா, சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்). உள்ள இருக்கற வால்வு (ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும் சிறு கதவு) கெட்டுப்போச்சு. எந்த எண்ணெயும் அதைச் சரிபண்ணாது. சூடு வச்சா குழாய் இன்னும் விரியும். வச்சீங்களா?"

"எங்க மில்லு தவுடுதாம்மா."

"யார் மில்லா இருந்தா என்ன? சூடு சூடுதானே!"

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, தவிட்டின்மேல்.

"அப்போ வூட்டுல செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லியா?"

"இருக்கு. காலை உயரத் தூக்கி வச்சுப் படுங்க. காலையில தரையில கால் வைக்கறதுக்கு முன்னாடியே காலைச் சுத்தி அழுத்தமா துணிக்கட்டு போட்டுக்கங்க. புடைப்பு போகாது, ஆனா கால் நிக்கும்."

புண் ஆற ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. புடைப்பு இன்றும் இருக்கிறது. தை பிறந்ததும் கட்டோடு களத்துக்குத் திரும்பினேன்.

"எந்த இலைக்கா போட்ட?" என்றாள் ராணி.

"இலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கட்டு கட்னேன், தூக்கி வச்சிகினு படுத்தேன்."

"போக்கா, மறைக்கிற. வெளிய சொன்னா பலிக்காதுன்னாங்களா?"

என்னையே சந்தேகப்பட ஓர் ஆள் கிடைத்ததில் சிரிப்புதான் வந்தது.

முன்பு வெயிலைப் பார்த்து நேரம் சொல்வேன். இப்போது கட்டு இறுகினால் மத்தியானம், கால் கனத்தால் சாயங்காலம். ராத்திரி ஒரு மூட்டைமேல் காலைத் தூக்கி வைத்துப் படுக்கிறேன். தவிட்டு மூட்டைதான். வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அது ஆறியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.