தேசத்தந்தையின் பிளாஸ்டிக் குடம்

இன்று காலை எங்கள் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில், நூறு பேர் முன்னால் அத்தா ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

(அத்தா என்றால் அப்பா. எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

பள்ளிக்கரணையில் இருக்கிறோம். சுதந்திர தினம் என்பதால் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி வைத்தார்கள். தலைப்பு, தேசத்தந்தை வாழ்வில் ஒரு சம்பவம்.

பத்துப் பிள்ளைகள் பேசினால் எட்டுப் பேர் ஒரே சம்பவத்தைத்தான் சொல்வார்கள். நான் சமோசா தட்டு எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மூன்றாவது மாடி தியா மைக்கைப் பிடித்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

"அன்று ஆசிரமத்தில் தண்ணீர்ப் பஞ்சம். விடியற்காலையில் முதல் ஆளாகத் தன் பச்சை பிளாஸ்டிக் குடத்தை வரிசையில் வைத்தார் தேசத்தந்தை. ஆனால் கைக்குழந்தையோடு ஒரு தாய் வந்ததும்..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் பேச்சு!

ஆறாம் வகுப்பில், நாங்கள் இரும்புலியூரில் இருந்தபோது, இதே பேச்சைப் பேசி நான் ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். "எல்லாரும் சொல்ற கதை வேணாம், புதுசா வேணும்" என்று அழுததால், அத்தா தன் சைக்கிள் கடையில் உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தது.

அடுத்த வருடம் பக்கத்து வீட்டுப் பையன் அதைப் பேசினான். பிறகு அவன் தங்கை. பிறகு ஜெராக்ஸ். இப்போது தியாவின் அம்மாவுக்கு ஃபேமிலி குரூப்பில் வந்ததாம். (ஃபார்வேர்டு செய்த புண்ணியவான் யாரோ.)

இன்று வரை அந்தச் சம்பவம் நிஜம் என்றுதான் நான் நம்பியிருந்தேன். என் மகளுக்கும் சொல்லி வளர்த்திருக்கிறேன்.

ஜட்ஜாக உட்கார்ந்திருந்தவர் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம்மா. அந்தக் காலத்துல ஏது பிளாஸ்டிக் குடம்?"

பாருங்கள், இத்தனை வருடத்தில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. எங்கள் பள்ளியில் கேட்டவர்கள் எல்லோர் வீட்டிலும் பிளாஸ்டிக் குடம்தான் இருந்தது.

"அப்படித்தான் சார் இருந்துச்சு..." என்றாள் தியா.

"தலைவர்கள் வாழ்க்கையில இஷ்டத்துக்குக் கதை கட்டக் கூடாது. இதைப் போட்டியில சேத்துக்க முடியாது."

கீழே சில பேர் சிரித்தார்கள். தியா மைக்கை விடாமல் அங்கேயே நின்றாள். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

என் பக்கத்தில் இருந்த அத்தா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சார், அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. கதை கட்டினது நான்தான்."

எனக்கு மானம் போனது போல இருந்தது.

"என்ன பாய் சொல்றீங்க? மொத்தமும் பொய்யா?" என்றார் ஜட்ஜ்.

"சம்பவம் நெசம் சார். ஆளைத்தான் மாத்திட்டேன். அது இவங்க குடம்" என்று அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் அம்மாவைக் காட்டினார்.

"எங்க தெருமுனையிலதான் தண்ணி லாரி நிக்கும். என் கடையும் அங்கதான். இவங்க இருட்டோட போயி மொத குடத்தை வெப்பாங்க. கைக்குழந்தைக்காரி வந்தா அவளை முன்னாடி விட்டுட்டுப் பின்னாடி போவாங்க. வயசானவங்க வந்தா இன்னும் பின்னாடி. கடைசிக் குடம் எப்பவும் எங்க வூட்டுதுதான்."

"அதை அவங்க பேர்லயே எழுதியிருக்கலாமே?"

"ஸ்கூல்ல தலைவர் கதைதானே சார் கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச பெரிய மனுஷங்க கதை இது ஒண்ணுதான்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அம்மாவை எட்டிப் பார்த்தார்கள்.

நான் அம்மாவைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

லாரியின் கடைசித் தண்ணீர் துருவும் மண்ணுமாகத்தான் வரும். அம்மா அதைப் பழைய வேட்டியில் வடிகட்டுவார். எங்கள் வீட்டு டீயில் எப்போதும் ஒரு இரும்பு வாசனை இருக்கும். இப்போதும் மழைக்காலத்தில் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு இரும்புலியூர் வீடும், காலை நேர லாரி ஹாரனும், ஒன்பது பேர் ஒரே கண்ணாடியில் தலைசீவியதும் ஞாபகத்துக்கு வரும்.

"எல்லார் வூட்லயும் நல்ல தண்ணி. நீ மட்டும் ஏன் லேட்டாப் போற?" என்று நான் எத்தனை நாள் கத்தியிருப்பேன்! அம்மா வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொள்வார். தூங்கிக்கொண்டிருந்த நான், எழுந்து போனவரைக் கேட்ட கேள்வி அது. நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஜட்ஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தியா, மொதல்லேருந்து சொல்லும்மா. இந்தத் தடவை சரியான பேரோட."

தியா மைக்கிலேயே கேட்டாள். "பாட்டி, உங்க பேரு?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா சொன்னார். "நூர்ஜஹான்."

தியா மறுபடி பேசினாள். முதல் பரிசு அவளுக்குத்தான். எல்லோரும் அம்மாவின் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள்.

அம்மா யாரையும் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஐம்பது வருடத்தில் அத்தா அவரைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னது இதுதான் முதல்முறை. நான் போனை எடுத்து வீடியோ ஆன் செய்தேன். (பிள்ளை என்றால் இப்படித்தான்.)

"என்னங்க, கடையில உக்காந்து தெனமும் எல்லாத்தையும் பாத்துகினுதான் இருந்தீங்களா?"

"ஆமா" என்றார் அத்தா, பெருமையாக.

"அப்போ எழுந்து வந்து ஒரு குடம் தூக்கியிருக்கலாம்ல?"