மாமியைக் கடித்தது எது

மழை விட்டு மாசி பிறந்தால் திருகோணமலையில் இரண்டு கூட்டம் வெளிக்கிடும். ஒன்று கலியாணம் பேசுகிற ஆக்கள். மற்றது வண்ணாத்திப்பூச்சி. கலியாணக் கூட்டம் வந்து பலகாரத்தைத் தின்றுவிட்டு, யோசித்துச் சொல்லுகிறோம் என்று போய்விடும். வண்ணாத்திப்பூச்சிகள் ஒன்றும் கேளாமல் வேலிக்கு மேலால் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். சிவனொளிபாத மலைக்குப் போகுதுகள் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பாவா ஆதம் மலைக்கு என்று முஸ்லிம் ஆக்கள் சொல்வார்கள். சிங்கள ஆக்களுக்கு அது புத்தருடைய பாதம். இப்படி எல்லாரும் எங்கட யாத்திரைக்காரர் என்று பங்கு கேட்க, அதுகள் போகிற வழியில் எங்கள் வளவுக்குள் இறங்கி, ஆடு மூத்திரம் பெய்த ஈர மண்ணில் வாய் வைத்து நன்றாக உறிஞ்சிவிட்டுப் போகும்.

நான் திரியாயில் இருந்து கலியாணம் கட்டி வந்த பிறகு வந்த முதல் மாசி அது. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய்க் கன காலம் ஆகவில்லை. கப்பல் திருத்துகிற டொக்யார்ட்டில் வேலை பறிபோகாமல் தப்பின ஆக்களில் இவரும் ஒருவர். அதைக் கேட்டுத்தான் என் அப்பு இவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார். வீட்டில் இவர், இவருடைய தாய், நான். மாமி தாலி இழந்தவ. வெள்ளைச் சீலை, நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், வாய் திறந்து கதைக்கிற பழக்கமும் இல்லை. ஓம் மாமி, இல்லை மாமி, வைக்கிறன் மாமி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் அரை வருஷம் ஓட்டினேன்.

பக்கத்து வளவு அக்கா ஒருநாள் எனக்கு முன்னாலேயே மாமியிடம் கேட்டா: "மாமி, உந்தப் பிள்ளைக்குப் பேச்சு வருமோ?"

"வராமல் இருக்கிறதுதான் வீட்டுக்கு நல்லது," என்று மாமி சொன்னா.

பூச்சிகளோடு எனக்குக் கூச்சம் இல்லை. அதுகள் திருப்பிக் கேள்வி கேட்கிறதில்லை. பேர் ஒன்றும் எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் அந்த இடத்துக்கு வருமுன் என்னை மறித்துவிட்டார்கள். அதனால், ஊரில் மனிதரை அடையாளம் பிடிக்கிற மாதிரியே பிடித்தேன்: எந்த வளவு, என்ன சாப்பாடு, எப்படி நடை. அலரியில் முட்டை வைக்கிறவள் அலரிக்காரி. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, பறக்கத் தெரிந்தும் பறக்கப் பஞ்சிப்படுகிற சோம்பேறி. அவளுடைய கூடு வெள்ளித் தோடு மாதிரி இலைக்குக் கீழே மினுங்கும். எருக்கலையில் இருக்கிறவள் எருக்கலைக்காரி, செம்மஞ்சள். சிவப்பு உடம்போடு கறுத்த சீலை உடுத்துக் கடற்கரைப் பக்கம் கூட்டமாக வருகிறதுகளுக்கு நிலாவெளிக்காரியள் என்று பேர் வைத்தேன், அந்தப் பக்கத்தால் வந்தபடியால். சிலந்தியில், வேலியில் வலை பின்னிக் கால்களைப் பெருக்கல் குறி மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறது வாத்தியார். யன்னலில் பாய்ந்து பாய்ந்து ஈ பிடிக்கிறது சண்டியன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று குசினிக்கும் கிணத்துக்கும் இடையில் நின்ற தேசிமரத்துப் புழுக்கள்; தேசி என்றால் எலுமிச்சை. சின்னதில் காகத்தின் எச்சம் மாதிரியே இருக்கும். மாமி கன நாளாகக் காகத்தைத்தான் ஏசிக்கொண்டிருந்தா. வளர்ந்த பிறகு பச்சை உடுத்தும். தொட்டால் தலையில் இருந்து இரண்டு கொம்பை நீட்டி நாறும். மற்றது எங்கள் அறை அலுமாரிக்குப் பின்னால் இருந்த பெரிய சிலந்தி. வலை கட்டாது, கரப்பான் பிடிக்கும். அந்த மாசியில் அவ வயிற்றுக்குக் கீழே ஒரு சின்ன அப்பளம் மாதிரி வெள்ளைத் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிந்தா. அது முழுக்க முட்டை. எனக்கு முன் அந்த வீட்டில் பிள்ளைத்தாச்சி ஆனது அவதான்.

மாமிக்கு இரண்டையும் பிடியாது. தேசியிலை முழுவதும் ஓட்டை என்று கண்டபிறகு காகத்தை விட்டுவிட்டு என்னைப் பிடித்தா. "புழு வளக்கிற பொம்பிளையை நான் இண்டைக்குத்தான் காணுறன். உந்தச் சிலந்தி ஆரையும் கடிச்சுதெண்டால், அதையும் அடிச்சு, தேசியையும் தறிச்சுப்போட்டுத்தான் மற்ற வேலை." இவரும் தலையாட்டினார். இவர் டொக்யார்ட்டில் பெரிய பெரிய இரும்பைத் தூக்குகிற ஆள், தாய்க்கு முன்னால் ஒரு சொல்லைத் தூக்க ஏலாது.

அந்த வெள்ளிக்கிழமையும் மாமி அக்காவோடு பின்னேரம் கோயிலுக்குப் போய் வந்தா. அடுத்த நாள் காலை நான் குசினியில் பிட்டு அவிக்கிறேன், மாமியின் அறைக்குள் இருந்து ஒரு கத்தல்.

"தம்பி! ஐயோ தம்பி! என்னைச் சிலந்தி கடிச்சுப்போட்டுது! உன்ர பெண்சாதி வளக்கிற சிலந்தி!"

இவர் ஓடினார். "எங்கை அம்மா கடிச்சது?"

"அது உனக்குச் சொல்லுற இடமில்லை!"

இவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். நான் பிட்டுக் குழலைப் பார்த்தேன். பிறகு இவர் ஒரு பழைய போத்தலை எடுத்துக்கொண்டு அலுமாரியை இழுத்து, அந்தப் பிள்ளைத்தாச்சியைத் தட்டோடு போத்தலுக்குள் அடைத்து, மூடியில் ஓட்டையும் போட்டார். அடிக்கவில்லை; அது இரக்கத்தால் இல்லை. விசகடிப் பரியாரிக்குக் கடித்ததைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும், அப்போதுதான் மருந்து சரியாக விழும். அவர் பார்த்து, இதுதான் என்று சொன்ன பிறகு அடிப்பதாக ஏற்பாடு. கத்தியும் தீட்டித் தேசிக்குக் கீழே சாத்தியாயிற்று.

பரியாரியார் கிண்ணியாவில் இருந்து வந்து திருகோணமலை ரவுணுக்குள் குடியிருந்த முஸ்லிம் மனிதர். கறுத்த குடையும் மருந்துப் பையுமாக வந்து கதிரையில் இருந்துகொண்டு போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது லேசில கடிக்காதே தம்பி. கடிச்ச இடத்தப் பாக்காம நான் என்னெண்டு சொல்றது?"

உள்ளே இருந்து மாமி: "பாக்க ஏலாது! செத்தாலும் ஏலாது!"

"அப்ப ஒரு பொம்புள புள்ள பாத்துச் சொல்லட்டும்."

வீட்டில் வேறு பொம்பிளைப் பிள்ளை இல்லை. திரைச்சீலைக்கு அங்கால் பரியாரியாரும் இவரும், இங்கால் மாமியும் நானும். மாமி குப்புறப் படுத்து, சீலையை ஒதுக்கி, தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டா. அந்த வீட்டில் நான் முதன்முதலாகச் சத்தம் போட்டுச் சொன்ன வார்த்தை என்ன தெரியுமோ?

"தொடைக்கும் இருக்கைக்கும் இடையில!"

திரைக்கு அங்கால் இவர் இருமினார்.

"எத்தின பல்லுப் பதிஞ்சிருக்கு புள்ள? சத்தமாச் சொல்லு!"

"பல்லில்லை. தடிப்பு. கன தடிப்பு."

"எப்பிடிக் கிடக்கு?"

"வரிசையா. அந்தத் தொங்கலில இருந்து இந்தத் தொங்கல் வரைக்கும்!"

"எடியே, ஊருக்கே சொல்லு," என்று மாமி தலையணைக்குள் இருந்து உறுமினா.

ஆனால் எனக்கு அந்த வரிசையை எங்கேயோ கண்ட ஞாபகம். வேறெங்கும் இல்லை, என்னிலேதான். கலியாணம் முடித்த புதிதில் இவர் ஒருநாள் என்னைப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவர். தியேட்டரின் நீட்டு மர வாங்குப் பலகையில் இருந்து எழும்பி வீட்டுக்கு வந்தால், என் தொடையின் பின்பக்கமும் இதே கோலம். மூட்டைப்பூச்சி ஒன்று கடித்தால் நிற்காது, நடந்து நடந்து கடித்துக்கொண்டு போகும். குடும்பப் பொம்பிளையள் போகிற இடமோ அது என்று மாமி அதற்குப் பிறகு ஒரு கிழமை எனக்கு முகம் தரவில்லை.

வீட்டுக் கட்டில் ஒன்றிலும் மூட்டை இல்லை. இருந்தால் என்னையும் கடித்திருக்கும். கோயிலில் வாங்கு இல்லை, எல்லாரும் நிலத்தில்தான் இருப்பது.

மெதுவாகக் குனிந்து கேட்டேன். "மாமி, நேற்றுக் கோயிலில வாங்கிலயோ இருந்தனீங்கள்?"

தலையணை மெல்லச் சரிந்தது. ஒரு பக்கக் கண் மட்டும் வெளியே வந்து என்னைப் பார்த்தது. தாலி இழந்தவ வெள்ளைச் சீலையோடு படம் பார்க்கப் போனா என்று கேள்விப்பட்டால், அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு வருஷத்துக்கு வேறு கதை தேவைப்படாது.

"என்ன புள்ள சத்தத்தக் காணல்ல?" என்று பரியாரியார் கேட்டார். "சிலந்திதானோ?"

"சிலந்தி எண்டு சொல்லு," மாமி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னா.

நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் போத்தலுக்குள் இருக்கிறவளுக்கும் அவளுடைய தட்டுக்கும் என்ன நடக்கும் என்று தெரியும். மூட்டை என்று சொன்னால் மாமிக்கு என்ன நடக்கும் என்றும் தெரியும். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, பாரத்தில் மட்டும் மாமி கொஞ்சம் அதிகம்.

"பரியாரியார்," என்று கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டு எனக்கே கூச்சம். "சிலந்தி எண்டால் என்ன வைத்தியம்?"

"மூக்குக்குள்ள சாறு புழிஞ்சு உடணும். மூளை வரைக்கும் எரியும். பொறகு பத்தியம். உப்பில்ல, புளியில்ல, மீனில்ல. விசம் எறங்கிற மட்டும் பகலில கண் மூடப்படாது."

மாமி மீன் இல்லாமல் ஒரு வேளைச் சோறு தின்னமாட்டா, வெள்ளிக்கிழமையைத் தவிர. நான் காதுக்குப் பக்கத்தில் போய், "நான் ஒண்டும் சொல்லேல்லை மாமி. நீங்களே சொல்லுங்கோ," என்றேன்.

மாமி தலையணையில் இருந்து முகத்தை எடுத்தா. பிறகு சீலையை இழுத்துவிட்டு எழும்பி இருந்து, தொண்டையைச் செருமினா.

"பரியாரியார், இப்பதான் ஞாபகம் வருது. நான் கோயில் வீதியில கட்டெறும்புப் புத்துக்கு மேலை இருந்திட்டன். அது எறும்பு."

"எறும்போ! வரிசையாக் கடிக்கிற எறும்போ?"

"கோயில் எறும்பு. வரிசையாத்தான் கடிக்கும்."

திரைக்கு அங்கால் மருந்துப் பை மூடுகிற சத்தம். பிறகு கதிரை கிறீச்சிட்டது. பரியாரியார் குடையை எடுத்துக்கொண்டு எழும்புகிறார்.

"தேங்காயெண்ணையப் பூசுங்க, சரியாப் போகும். பொல்லாத எறும்புதான் அது. போன கிழமை எங்கட ஊட்டுப் பொம்புளையையும் அதே எறும்புதான் கடிச்சிருக்கு."

இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவங்களும் கோயிலுக்குப் போறவங்களோ?" என்று கேட்டார். பரியாரியார் குடையை விரித்துப் படலையைத் திறந்துகொண்டு போனார். போத்தலைக் கையில் எடுத்து, "அப்ப இதை என்ன செய்யிறது?" என்று இவர் கேட்க, "பெண்சாதியிட்டைக் குடு," என்று மாமி சொன்னா.

நான் அலுமாரிக்குப் பின்னால் போத்தலைச் சரித்துப் பிடித்தேன். சிலந்தி தட்டை விடாமல் மெல்ல இறங்கிச் சுவரில் ஏறினா. திரும்பினால் மாமி பின்னால் நிற்கிறா.

"உது எத்தினை குஞ்சு பொரிக்கும்?"

"நூறுக்கு மேலை வரும் மாமி."

"நூறோ! தேப்பன் எங்கை?"

"அந்தாளை உவ திண்டிருப்பா மாமி. சில நேரம் அப்பிடித்தான்."

மாமி சுவருக்குக் கிட்டப் போய்ச் சிலந்தியை எட்டிப் பார்த்தா. "விசயம் தெரிஞ்ச மனிசி," என்று சொல்லிப்போட்டுத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தேடிக் குசினிக்குள் போனா.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மாமி ஒரு தடித்த துவாய்த்துண்டை மடித்துக் கையில் எடுத்தா. நிலம் குளிராம். இவர், "ஓம் அம்மா, கவனம், எறும்பு," என்று சொல்லி அனுப்பினார்.

தேசிமரத்துக்கும் தீர்வு வந்தது. மாமி கத்தியைக் கூரை இறப்பில் செருகிவிட்டு, மரத்தைச் சுற்றி நடந்து காணி பிரிக்கிற மாதிரிக் கையால் கோடு போட்டா. "கிணத்துப் பக்கக் கொப்பு உன்ர புழுவுக்கு. குசினிப் பக்கம் ஊறுகாய்க்கு. அங்காலை இருந்து ஒண்டு இங்காலை வந்தாலும் நான் பொறுப்பில்லை."

"ஓம் மாமி," என்றேன்.

புழுக்களுக்கு இந்தப் பங்கீடு தெரியாது. ஒவ்வொரு காலையும், மாமி பல்லுத் தீட்ட வெளியே வருமுன், நான் குசினிப் பக்கத்துக் கொப்பில் ஏறியிருக்கிற எல்லாக் கள்ளரையும் இலையோடு கிள்ளி எடுத்து, கொம்பை நீட்டி நாறினாலும் பார்க்காமல், கிணத்தடிப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுவேன்.