ஏரிப்பக்கம் பார்த்த குழாய்

மைக் செட் தொழிலில் பாட்டுப் போடுவது பெரிய விஷயமில்லை. அது எந்த ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்பதில்தான் உயிர் போகும். எண்பதுகளில் நல்லம்பள்ளியில் என்னிடம் இருந்தது ஒரே ஆம்ப்ளிஃபயர். பந்தலுக்குள் வைக்க இரண்டு பெட்டி ஸ்பீக்கர், வெளியே மரத்தில் கட்ட ஒரு குழாய் ஸ்பீக்கர். பெட்டியா, குழாயா, இரண்டுமா என்று மாற்ற ஒரு திருகு சுவிட்ச். அதன் மேலிருந்த எழுத்து எப்போதோ அழிந்துவிட்டது. வீட்டு ரேடியோவுக்கு இரண்டு ஸ்பீக்கர் மாட்டி, ஒன்று பாடினால் இன்னொன்று ஊமையாவதைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

பூசையும் பிரியாணியும்

மாதா கோயில் திருவிழா. பூசை நேரத்தில் பெட்டி மட்டும், மற்ற நேரத்தில் குழாயும் என்று பேச்சு. பூசை முடிகிறதே என்று குழாயையும் சேர்த்துத் திருகிவிட்டு டீ குடிக்கப் போனேன். சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மைக் பக்கத்தில் நின்றுகொண்டு, பிரியாணி குறைவாகத்தான் இருக்கிறது, வெளியாட்களிடம் மூச்சு விடாதே என்று சமையல்காரரிடம் ரகசியம் பேசியிருக்கிறார். சோளக்காட்டில் களை பறித்தவர்கள் வரை கேட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. உபதேசியார் திட்டவில்லை, பெருமூச்சு விட்டார். "பூசைக்கு வராதவங்க எல்லாம் பந்திக்கு வந்துட்டாங்க. உங்க குழாய்ல ஒரு குத்தமும் இல்லீங்க."

புளியமரத்தில் மூன்று முறை

அடுத்த மாதம் பாப்பாரப்பட்டி பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா முனியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குழாயை ஏரிப்பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னார். ஏரிக்கு அக்கரையில் அவருடைய அண்ணன் வீடு. கிணற்றில் யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்று அவருக்கும் முனியம்மா வீட்டுக்காரருக்கும் சண்டை. நாலு வருஷமாகப் பேச்சில்லை. பாக்கு வெற்றிலையோடு போய் அழைத்தும் அவர் தட்டைத் தொடவில்லை. தாய்மாமன் மாலை போட்டு அழைத்துப் போகாமல் பெண் மணவறை ஏறுவதா என்பதுதான் அந்த அம்மாவின் கவலை. பாட்டுச் சத்தமாவது காதில் விழுந்தால் மனசு இளகும் என்று நம்பினார்.

முனியம்மா வீட்டுக்காரரோ, குழாய் மாப்பிள்ளை வரும் ரோட்டைப் பார்க்கவேண்டும் என்றார். அவர் வந்தால் ரோடு, அந்த அம்மா வந்தால் ஏரி. என் கூட்டாளி மாதப்பன் ஏரிக்கரைப் புளியமரத்தில் மூன்று முறை ஏறி இறங்கினான். மூன்றாவது முறை குழாய் ஏரியைப் பார்த்திருந்தபோது கீழே குதித்தவன், கயிற்றை என் கையில் திணித்தான். "புருஷன் பொண்டாட்டி ஒரு முடிவுக்கு வரட்டும், அப்புறமா என்னைக் கூப்புடு."

ஒரு திருகு அதிகம்

மறுநாள் காலை முகூர்த்தம். மந்திரம் பந்தலுக்குள் மட்டும் கேட்டால் போதும் என்று பாட்டை நிறுத்தி, மைக்கைப் போட்டு, சுவிட்சைத் திருகினேன். பெட்டியில் சத்தமே இல்லை. ஒயர் போய்விட்டது என்று நினைத்து, பெட்டிக்குப் பின்னால் குனிந்து தேடினேன். பக்கத்தில் மைக்கை ஒட்டி நின்று, முனியம்மா மகளின் தலைப்பூவைச் சரிசெய்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

"உங்க மாமன் வரமாட்டாரு, சாமி. மாலையை நானே போட்டு வுடறேன். அவர குத்தம் சொல்லாத. நீ பொறந்தப்ப எனக்குப் பால் ஊறணும்னு ஒகேனக்கல்ல மீன் வாங்கி, பென்னாகரத்துல பஸ் கெடைக்காம நடந்தே வந்தவரு."

ஒயர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எழுந்து சுவிட்சைப் பார்த்தேன். ஒரு திருகு அதிகமாகத் திருகியிருந்தேன். பெட்டி அடங்கி, குழாய் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. பந்தல் இரைச்சலில் யாருக்கும் கேட்காத பேச்சு ஏரி முழுக்கப் போயிருக்கிறது. வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொன்னதாக அந்த அண்ணன் இன்னும் முறுக்கிக்கொண்டால் என்ன செய்வது? பயத்தில் யாரிடமும் சொல்லாமல் சுவிட்சைச் சரியாக வைத்தேன்.

மணவறைக்குப் பெண்ணை அழைக்கும் நேரத்தில் பந்தல் வாசலில் சலசலப்பு. அண்ணன்காரர் வந்து நின்றார். சுற்றிவரப் பொறுமையில்லாமல் ஏரியில் இறங்கி வந்திருக்கிறார். வேட்டி முட்டிவரை ஈரம். தங்கை கையிலிருந்த மாலையை வாங்கி, பெண்ணுக்குப் போட்டு அழைத்துப் போனார். முனியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. தாலி கட்டியதும் அண்ணன்காரர் நேரே என்னிடம் வந்தார்.

"அதான் வந்துட்டேன்ல, மொதல்ல அந்தக் குழாயை வேற பக்கம் திருப்புங்க. நேத்துல இருந்து என் மாடு பால் கறக்க வுடலீங்க."

எத்தனையோ விசேஷங்களுக்குச் சுவிட்சைச் சரியாகப் போட்டிருக்கிறேன். ஆனால் போகவேண்டிய காதுக்கு ஒரு பேச்சு சரியாகப் போய்ச் சேர்ந்தது, நான் தப்பாகப் போட்ட அன்றுதான்.